காத்திருப்பு அறையில் ஆட்கள்

அத்தானை உன்னோடு அழைத்துப் போகாதே என்று சின்னவளிடம் சொல்லியிருக்க வேண்டியவள் அவளுடைய அக்காதான். அக்காவோ புருஷனுடைய பெட்டியைத் தன் கையாலேயே அடுக்கிக் கொடுத்து, “தயவுசெய்து கூட்டிட்டுப் போடி. ரெண்டு மாசமாவது வீடு வீடா இருக்கட்டும்” என்றாள். வழியனுப்ப வந்தவளின் முகம் அவ்வளவு பளிச்சென்று இருந்ததைப் பார்த்தபோதே சின்னவள் சுதாரித்திருக்க வேண்டும்.

நாற்பதைத் தாண்டிய பிறகும் வீட்டில் அவள் சின்னவள்தான். வெளியில் அவள் கலை மையத்தின் நடமாடும் கண்காட்சிக்குப் பொறுப்பாளர். வட்டாரத்து ஓவியர்களும் சிற்பிகளும் செய்தவற்றை ஒரு வேனில் ஏற்ற வேண்டும். கண்காட்சி என்ற ஒன்றையே பார்த்திராத ஊர்களுக்குக் கொண்டுபோய் ஒவ்வொன்றிலும் ஒரு வாரம் வைக்க வேண்டும். ஊர்க்காரர்களுக்குப் படம் வரையும் பயிற்சி வகுப்பு நடத்திவிட்டு, எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்கு நகர வேண்டும். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். மையத்தின் இயக்குநர் மேடையில் நின்று இதைப் பற்றிப் பேசும்போது சின்னவளுக்கே கண் கலங்கும். வேனில் ஏறி உட்கார்ந்த பிறகு கண் கலங்குவதற்கு வேறு காரணங்கள் கிடைக்கும்.

ஓர் ஊரில் மண்டபத்துச் சாவியை வைத்திருப்பவர் மகளைப் பார்க்க வெளியூர் போயிருப்பார். இன்னோர் ஊரில், “சுவத்துல ஆணி அடிக்கக் கூடாது, இப்பதான் பெயின்ட் அடிச்சோம்” என்பார்கள். பிறகு படத்தை எதில் மாட்டுவது என்று கேட்டால், “அது உங்க பாடு” என்பார்கள். முதல் ஊரின் நூலகத்தில் மண் சிற்பங்களை இறக்கி வைத்துவிட்டு, ஒரு வாய் டீ குடித்துவிட்டு வருவதற்குள் ஒரு சிற்பத்தின் கழுத்தில் யாரோ ஈரக் குடையை மாட்டியிருந்தார்கள். சின்னவள் பதறிப்போய்க் கேட்டபோது குடைக்காரர் அதற்கு மேல் கோபப்பட்டார். “வேற எங்க மாட்டறது? குடை ஸ்டாண்டை நகர்த்தினது நீங்கதானே?”

இவ்வளவும் அவள் பழகிய தொல்லைகள். பழகாத தொல்லை வேனின் முன்சீட்டில் ஜன்னலோரமாக உட்கார்ந்து, வழி நெடுகப் பேசிக்கொண்டே வந்தது.

அத்தான் அந்த வட்டாரத்தில் பேர் வாங்கிய ஓவியர். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும்; சொல்வது மட்டும் காதில் விழாது. பயிற்சி வகுப்புக்கு ஓர் ஓவியர் வேண்டும் என்று இயக்குநர் சொன்னார், அத்தான் சும்மாதான் இருந்தார், அக்கா கெஞ்சினாள். கண்காட்சியில் அவருடைய படமும் ஒன்று இருந்ததால் பொருத்தமாகவும் பட்டது.

ஆள் உயரத்துக்கு மேல் நீளமான படம் அது. ஒரு காத்திருப்பு அறை. பச்சைச் சுவர். சுவரை ஒட்டி வரிசையாக இரும்பு நாற்காலிகள். ஜன்னல் வழியே சாய்ந்து விழும் வெயில். அவ்வளவுதான். ஆள் கிடையாது. பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு பல் டாக்டர் அதை வாங்கிவிட்டார். கண்காட்சிக்காக இரவல் கேட்டபோது கொஞ்சம் தயங்கிவிட்டுத்தான் கொடுத்தார். கடைசி ஊர் அவருடைய ஊருக்குப் பக்கம் என்பதால், தானே வந்து எடுத்துப் போவதாகச் சொல்லியிருந்தார்.

விற்ற பிறகு அத்தான் அந்தப் படத்தைப் பார்க்கவே இல்லை. முதல் ஊரில் அதை மாட்டியதும் இடுப்பில் கை வைத்து வெகுநேரம் நின்றார். பிறகு, “முடியலையே” என்றார்.

“கால் வலியா அத்தான்? நாற்காலி கொண்டுவரவா?”

“நாற்காலி நிறைய இருக்கு. படம் முடியலைங்கிறேன்.”

சின்னவளுக்கு அப்போது விளக்குகளைப் பொருத்துகிற அவசரம். “சரி அத்தான்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அந்த “சரி”யைத்தான் அவர் பிற்பாடு அனுமதி என்று சாதித்தார்.

இரண்டாவது ஊரில் சுற்றியிருந்த துணியைப் பிரித்தபோது மூன்றாவது நாற்காலியில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். மடியில் கைப்பை. கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்திருந்தது. சின்னவள் பிரித்த துணியைக் கையில் பிடித்தபடியே அத்தானைக் கூப்பிட்டாள்.

“அத்தான், இது யாரு?”

“எது?”

“இந்த நாற்காலியில உட்கார்ந்திருக்காங்களே, இந்த அம்மா.”

“லைப்ரரி அம்மா. தெரியலையா உனக்கு? அப்படியே அவங்க மூக்காச்சே!” அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“மூக்கெல்லாம் நல்லாத்தான் இருக்கு. இவங்க எப்படி இங்க வந்தாங்க?”

“நான்தான் கூட்டிட்டு வந்தேன்.”

சின்னவள் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “இது உங்க படம் இல்ல அத்தான்.”

“கீழ யார் கையெழுத்து இருக்கு?”

“கையெழுத்து உங்களுது. படம் டாக்டரோடது. நீங்க வித்தாச்சு.”

“பொண்ணைக் கட்டிக் கொடுத்துட்டா, அவ வீட்டுக்கு வரும்போது தலை வாரிவிடக் கூடாதா?”

“தலை வாரிவிடலை நீங்க. மடியில இன்னொரு ஆளை உட்கார வச்சிருக்கீங்க!”

வேறு யாராவது ஓவியராக இருந்தால் அந்த நிமிஷமே பஸ் ஏற்றி அனுப்பியிருப்பாள். ஆனால் இவர் அக்கா புருஷன். கல்லூரிக் காலத்தில் இவளுக்காக அப்பாவிடம் வாதாடி ஓவியப் படிப்பில் சேர்த்துவிட்டவரும் இவர்தான். அந்த நன்றி இப்படிப்பட்ட சமயங்களில்தான் நினைவுக்கு வந்து தொலைக்கும்.

“பயப்படாதே சின்னவளே,” என்றார் அத்தான். “பழைய வார்னிஷ் மேலதான் போட்டிருக்கேன். முழுசா இறுக மாசக்கணக்கா ஆகும், அதுக்குள்ள துடைச்சா சுத்தமா போயிடும். அடியில இருக்கிறதைத் தொடவே இல்லை.”

“அப்ப துடைச்சிடுங்க.”

“துடைச்சிடறேன்.”

அவ்வளவு சுலபமாக அவர் ஒப்புக்கொண்டதில் அவள் ஏமாந்தாள்.

அந்த ஊரில் பயிற்சி வகுப்பு நடந்தது ஓர் ஆஸ்பத்திரியின் கூட்ட அறையில். அத்தான் எல்லோரையும் இரண்டிரண்டு பேராக எதிரெதிரே உட்கார வைத்தார். கையில் கரித்துண்டு. எதிரே இருப்பவர் முகத்தையே பார்த்துக்கொண்டு, தாளைக் குனிந்து பார்க்காமல் வரைய வேண்டும். வரைந்து முடித்துத் தாளைப் பார்த்தால் கண் ஒரு பக்கம், காது ஒரு பக்கம் கிடக்கும். அறையே சிரிப்பில் குலுங்கியது. அத்தானிடம் இந்த ஒரு வித்தை இருந்தது. பத்து நிமிஷத்தில் முன்பின் தெரியாதவர்களை ஒருவர் முகத்தை ஒருவர் கூச்சமில்லாமல் பார்க்க வைத்துவிடுவார். அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டே சின்னவளும் அதை ரசித்தாள்.

சீருடையோடு வந்திருந்த நர்ஸ் ஒருத்தி மட்டும் பாதியிலேயே கரித்துண்டைக் கீழே வைத்துவிட்டாள். “வரையலையாம்மா?” என்று அத்தான் கேட்டதற்கு, “இல்ல சார். காலையில இருந்து நின்னுக்கிட்டே இருக்கேன். இப்பதான் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்துக்கறேனே” என்றாள்.

மூன்றாவது ஊரில் துணியைப் பிரித்தபோது லைப்ரரி அம்மா அப்படியே இருந்தார். ஜன்னல் வெயில் விழும் நாற்காலியில், செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, காலை நீட்டி, சுவரில் தலை சாய்த்து நர்ஸ் உட்கார்ந்திருந்தாள்.

சின்னவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“அந்தப் பொண்ணு உட்காரட்டுமேன்னுதான்,” என்றார் அத்தான், ஏதோ பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்தவர் போல.

அந்த உருவம் நன்றாக இருந்ததுதான் அவளுக்கு எல்லாவற்றையும் விட எரிச்சல். மோசமாக இருந்திருந்தால் திட்டுவதற்குத் தெம்பு கிடைத்திருக்கும். அந்த நீட்டிய பாதங்களைப் பார்த்தபோது தனக்கே கால் வலிப்பது போல் இருந்தது.

வேறு வழியில்லாமல் இயக்குநருக்குப் போன் செய்தாள். அவருக்கு எல்லாம் முன்பே தெரிந்திருந்தது. ஆஸ்பத்திரிக்காரர்கள் யாரோ படமெடுத்து அனுப்பி, பத்திரிகையில் வந்துவிட்டதாம்.

“பிரமாதம்மா! ‘ஓவியத்துக்குள் ஊர்மக்கள்’னு தலைப்புப் போட்டிருக்கான். கூட்டம் எப்படி?”

“கூட்டத்துக்குக் குறைச்சல் இல்ல சார். படத்துக்குள்ளயும் கூட்டம்தான். டாக்டருக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?”

“அவர்கிட்ட நான் பேசிக்கறேன். நீ அதை நினைச்சு உடம்பைக் கெடுத்துக்காதே.”

இயக்குநர் “நான் பேசிக்கறேன்” என்று சொன்னால் அது காற்றோடு போய்விடும் என்பது சின்னவளுக்குத் தெரியும். தானே டாக்டருக்குப் போன் செய்தாள். சிகிச்சையில் இருக்கிறார் என்றார்கள். மறுபடி செய்தாள். பல்லில் என்ன தொந்தரவு என்று கேட்டார்கள். “பல்லில ஒண்ணும் இல்ல, ஒரு படம் சம்பந்தமா” என்றதும், “எக்ஸ்ரே படத்தை நேர்ல கொண்டு வாங்க” என்று வைத்துவிட்டார்கள். அதற்கு மேல் அவளும் வற்புறுத்தவில்லை. கெட்ட செய்தியைச் சொல்லாமல் இருப்பதற்கு ஒரு சாக்குக் கிடைத்ததில் உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

அதன் பிறகு விஷயம் கைமீறிப் போனது. வர்ணப் பெட்டியை வேனில் வைத்துப் பூட்டினாள். அத்தான் ஊர்க் கடையில் வேறு வாங்கிக்கொண்டார். மதியம் மண்டபத்தைப் பூட்டச் சொன்னாள். காவலாளியே அவருக்குக் கதவைத் திறந்துவிட்டு, பக்கத்தில் நின்று விளக்கும் பிடித்தார். பயிற்சி வகுப்புக்கு ஆட்கள் நல்ல உடையாகப் பார்த்து உடுத்திக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். லாரி மெக்கானிக் ஒருவர், தலையைப் படிய வாரிக்கொண்டு வந்து, “அண்ணே, என்னைக் கொஞ்சம் ஜன்னல் பக்கமா போடுங்க” என்று சிபாரிசுக்கு ஆள் வேறு கூட்டி வந்திருந்தார்.

“இது பஸ் இல்லை!” என்று சின்னவள் கத்தியே விட்டாள்.

மெக்கானிக் சங்கடமாகச் சிரித்தார். “சரி மேடம். ஜன்னல் இல்லைன்னா பரவாயில்லை.”

வேன் டிரைவர் அதிகம் பேசாதவர். அவர்கூட ஒரு நாள், “எனக்கு ஒரு இடம் கிடைக்குமா மேடம்?” என்று மெதுவாகக் கேட்டார். அவள் பார்த்த பார்வையில் வண்டியைத் துடைக்கப் போய்விட்டார்.

கடைசி ஊரில் பள்ளிக்கூடத்தின் பெரிய கூடம். படத்தில் அநேகமாக எல்லா நாற்காலிகளிலும் ஆள். காத்திருப்பு அறை என்றால் இதுதான் காத்திருப்பு அறை என்று சொல்லும்படி இருந்தது. கண்காட்சி முடிவதற்கு முந்தைய நாள் காலை, யாரும் எதிர்பாராத நேரத்தில், ஒல்லியான ஒரு மனிதர் உள்ளே வந்து, வேறு எதையும் பார்க்காமல் நேரே அந்தப் படத்தின் முன்னால் போய் நின்றார். சின்னவளுக்கு அறிமுகம் தேவைப்படவில்லை. அவர் நின்ற விதத்திலேயே பல் டாக்டர் என்று தெரிந்துவிட்டது.

“இவங்கல்லாம் யாரு?” என்று கேட்டார். குரல் உயரவே இல்லை. அதட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

நடந்ததைச் சொன்னாள். மன்னிப்புக் கேட்டாள். “இயக்குநர் உங்ககிட்ட பேசலையா சார்?”

“பேசினாரே. பல் கூசுதுன்னு சொன்னார். வரச் சொன்னேன்.”

அத்தான் அதற்குள் வேகமாக வந்துவிட்டார். முகத்தில் பாராட்டை எதிர்பார்க்கிற களை. “எப்படி இருக்கு டாக்டர்? பத்து வருஷமா முடியாம கிடந்த படம். இப்பதான் உயிர் வந்திருக்கு!”

டாக்டர் அவரைத் திரும்பிப் பார்த்தார். “எனக்கு அது முடிஞ்ச படம் சார்.”

அத்தான் இடுப்பிலிருந்து கையை எடுத்தார்.

“என் கிளினிக்ல நாற்காலி காலியா இருந்து நான் பார்த்ததில்லை,” என்றார் டாக்டர். “காலையில கதவைத் திறந்தா சாயங்காலம் வரைக்கும் ஆள். எல்லாரும் கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு என்னையே பார்த்துக்கிட்டிருப்பாங்க. என்னைப் பார்த்து சந்தோஷப்படற ஆள் அங்க ஒருத்தர் கிடையாது. இந்தப் படத்தை நான் வெளியில மாட்டலை. உள்ள, என் ரூம்ல வச்சிருந்தேன். ஒரு ஆளை அனுப்பிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடறதுக்கு முன்னால இதை ஒரு தடவை பார்ப்பேன். காலி நாற்காலி, வெயில், சத்தமில்லாத அறை. அதுக்குத்தான் இதை வாங்கினேன். இப்ப இங்கயும் வந்து உட்கார்ந்திருக்காங்களே!”

அத்தான் எதிர்வாதம் செய்வார் என்று சின்னவள் பயந்தாள். பொண்ணு, தலைவாருதல் என்று ஆரம்பித்துவிடுவார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவரோ படத்தைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

“இப்படி ஒருத்தர் தினம் பார்த்துக்கிட்டிருப்பார்னு எனக்குத் தோணவே இல்லை,” என்றார் கடைசியில். “துடைச்சிடறேன் டாக்டர். பயந்துக்கிட்டு வார்னிஷ் மேலதான் போட்டேன். உங்க படம் அடியில பத்திரமா இருக்கு.”

இந்த வார்த்தையைக் கேட்கத்தான் இத்தனை நாள் அவள் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினாள். இப்போது கேட்டதும் சந்தோஷம் வரவில்லை. ஏன் வரவில்லை என்று தன் மேலேயே எரிச்சலாக இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தானா அவர்கள் வர வேண்டும்! வாசலில் அந்த நர்ஸ். சீருடை இல்லாமல் அடையாளமே தெரியவில்லை. கூடவே வயதான ஓர் அம்மாள், இரண்டு பிள்ளைகள்.

“மேடம், ஞாபகம் இருக்கா? ஆஸ்பத்திரி வகுப்புல பார்த்தோமே. இவங்க என் மாமியார். நான் படத்துல இருக்கேன்னு சொன்னா நம்பவே மாட்டேங்கறாங்க. காலைல முதல் பஸ்ல கிளம்பி வந்தோம்.”

பிள்ளைகள் அதற்குள் கண்டுபிடித்துவிட்டன. “அம்மா! அம்மா செருப்பைக் கழட்டிப் போட்டிருக்கா!” மாமியார் படத்துக்கு வெகு அருகில் போய்ப் பார்த்தார். திரும்பி மருமகளைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

“இவதான். ஆனா இவ இப்படி உட்கார்ந்து நான் ஒரு நாளும் பார்த்ததில்லையே,” என்றார். அதில் குறையும் இருந்தது, வேறு ஏதோவும் இருந்தது. நர்ஸ் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

சின்னவள் டாக்டரைத் தனியே அழைத்துப் போனாள். என்ன சொல்லப் போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. “சார், நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் இப்படியே இருக்கட்டுமா? கண்காட்சி முடிஞ்சதும் துடைச்சுக் கொடுத்துடறோம். நான் நிக்கறேன் பக்கத்துல. இன்னும் யாராவது இப்படி பஸ் ஏறி வந்தா...”

டாக்டர் அந்தப் பிள்ளைகளைப் பார்த்தபடி இருந்தார். “நாளைக்குச் சாயங்காலம்,” என்றார். “அதுக்கு மேல வேண்டாம்.”

நர்ஸிடம் சொல்லாமல் இருக்க முடியாது. திரும்பி வந்து, தயங்கித் தயங்கிச் சொன்னாள். படம் இந்த சாருடையது, நாளையோடு எல்லா உருவங்களையும் அழித்துவிடுவார்கள் என்று.

நர்ஸ் திரும்பிப் படத்தைப் பார்த்தாள். பிறகு, “என்னை மட்டுமா, எல்லாரையுமா?” என்று கேட்டாள்.

“எல்லாரையும்தான்.”

“அப்ப சரி மேடம்,” என்றாள். போகும்போது மாமியாரையும் பிள்ளைகளையும் படத்தின் முன்னால் நிறுத்தி ஒரு போட்டோ எடுத்துக்கொண்டாள். அதை எடுத்துக் கொடுத்தது டாக்டர்தான். நல்ல மனதோடுதான் எடுத்தார். ஆனால் அவர் யாரென்று தெரிந்ததும் மாமியார் வாயைத் திறந்து காட்ட, பின்னால் நின்றவர்களும் கன்னத்தைத் தடவ ஆரம்பித்துவிட்டார்கள். மனிதர் அன்று வீடு திரும்ப மதியம் தாண்டிவிட்டது.

மறுநாள் சாயங்காலம் டாக்டர் வந்து, கூடமும் காலியானதும் அத்தான் படத்தைக் கீழே இறக்கி மேஜை மேல் படுக்க வைத்தார். குச்சியில் பஞ்சைச் சுற்றி, வர்ணத்தைக் கரைக்கும் திரவத்தில் தோய்த்து, மெதுவாக உருட்டினார். லைப்ரரி அம்மாவின் மூக்கு முதலில் போனது. மெக்கானிக்கின் படிந்த தலை போனது. அடியிலிருந்து இரும்பு நாற்காலிகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. நர்ஸின் உருவத்துக்கு வந்ததும் அத்தான் நிமிர்ந்து, குச்சியைச் சின்னவளிடம் நீட்டினார்.

“இதை நீ செய்.”

“நானா? போட்டது நீங்க.”

“அதனாலதான்.”

அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இழுத்துப் போட்டுக்கொள்வது அவர், துடைப்பது இவளா? ஆனால் டாக்டர் பார்த்துக்கொண்டு நின்றார். வாங்கினாள். முகத்திலிருந்து ஆரம்பித்தாள். நீட்டிய பாதங்களைக் கடைசியாக வைத்துக்கொண்டாள். பஞ்சில் கொஞ்சம் பழுப்பு நிறம் ஒட்டியது. நாற்காலியில் வெயில் மட்டும் விழுந்துகொண்டிருந்தது.

டாக்டர் குனிந்து பார்த்தார். “இதுதான்,” என்றார். அவர் தோள்கள் கொஞ்சம் இறங்கின. படத்தைத் துணியில் சுற்றித் தானே தூக்கிக்கொண்டு போனார். கதவருகே நின்று, “அந்தப் பொண்ணை நீங்க நல்லாப் போட்டிருந்தீங்க சார். அதை நான் சொல்லணும்” என்று அத்தானிடம் சொல்லிவிட்டுப் போனார்.

திரும்பும் வழியில் அத்தான் பேசவில்லை. ஒரு மணி நேரம் ஆயிற்று, அதற்கு மேலும் ஆயிற்று. வேனில் எஞ்சின் சத்தம் இவ்வளவு பெரிது என்பதையே சின்னவள் அன்றுதான் தெரிந்துகொண்டாள். இத்தனை நாள் வாயை மூடமாட்டாரா என்று தவித்தவளுக்கு இப்போது இந்த மௌனம் அதைவிடப் பெரிய கழுத்தறுப்பாக இருந்தது. டிரைவர் இரண்டு முறை கண்ணாடியில் அவளைப் பார்த்தார், ஏதாவது செய்யுங்கள் என்பது போல.

“அத்தான்,” என்றாள். “ஒரு பெரிய கான்வாஸ் வாங்குங்க. அவங்களையெல்லாம் அதுல உட்கார வையுங்க. உங்க சொந்தப் படமா. அடுத்த தடவை நானே ஊர் ஊரா எடுத்துட்டுப் போறேன்.”

அத்தான் ஜன்னலை விட்டு முகத்தைத் திருப்பினார்.

“கான்வாஸ் பத்தாது. சுவர் வேணும்.”

“எந்தச் சுவர்?”

“உங்க சென்டர் வாசல்ல நுழைஞ்சதும் நீளமா ஒரு வெள்ளைச் சுவர் இருக்கே. சும்மாதானே கிடக்கு?”

இயக்குநர் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, தினம் தூசி இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்க்கும் சுவர் அது. சின்னவளுக்குத் தலை சுற்றியது. முடியவே முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தாள். யார் பேசுவது, யார் சமாதானம் சொல்வது, யார் திட்டு வாங்குவது என்று எல்லாம் ஒரு கணத்தில் மனதில் ஓடி முடிந்தன. எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான்: அவள்.

“திங்கட்கிழமை இயக்குநர் ஊர்ல இருக்க மாட்டார்,” என்றாள், ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு.

டிரைவர் தொண்டையைக் கனைத்தார். “சுவர்ன்னா இடம் நிறைய இருக்கும், இல்ல மேடம்?”

அத்தான் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தார். சுவரின் நீளம் என்ன, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வரும், யாரை யார் பக்கத்தில் உட்கார வைப்பது என்று ஆரம்பித்தவர் வீடு வந்து சேரும் வரை நிறுத்தவில்லை.